பாதி வெளுத்த தெனோக்

மலாய் நாட்டுக் காஜா பேராங்கில் நான் வரைந்த மிருகங்களில் பேர் வாங்கியது ஒன்றே ஒன்றுதான். அது ஒரு தெனோக். பார்த்திராதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பன்றியைவிடப் பெரியது, மூக்கு சற்று நீண்டு தொங்கும், காட்டோரத்தில் இருட்டும் நேரத்தில் வெளியே வரும். தலையும் தோளும் கன்னங்கரேலென்று இருக்கும். முதுகிலிருந்து பின்பக்கம் முழுக்க வெள்ளை. பாதியில் யாரோ கறுப்புச் சாயம் தீர்ந்துபோய் விட்டுவிட்டுப் போனது மாதிரி இருக்கும். சாதுவான பிராணி. நானும் அதுவும் அந்த ஒரு விஷயத்தில் ஒத்துப்போக மாட்டோம். எனக்குக் கோபம் சட்டென்று வரும். வந்த வேகத்தில் போயும் விடும், ஆனால் அதற்குள் சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்லி முடித்திருப்பேன். என் வீட்டுக்காரர் அஞ்சல் வேலைக்குப் போகிறவர், அதனால் பொறுமைசாலி.

எங்கள் வீட்டுக்குப் பின்வரிசையில் டோபி அண்ணனும் அவர் மனைவியும் இருந்தார்கள். நான் அண்ணே, அக்கா என்று கூப்பிடுவேன். ரப்பர் தோட்டத்திலிருந்து டவுனுக்கு வந்து, கம்பெனி துரைமார் பங்களாக்களுக்குத் துணி வெளுத்தே பிழைத்தவர்கள். துரைகளின் வெள்ளைக் கால்சட்டைகள் அவர்கள் துணிக்கொடியில் வரிசையாகத் தொங்கினால் அந்தப் பக்கம் வெயிலே கூடுதலாகத் தெரியும். மெர்டேக்கா என்னும் சுதந்திரம் வரப்போகிறது என்று ஊரெல்லாம் கொடி தைத்துக்கொண்டிருந்த மாதங்களில், அந்தத் துணிக்கொடி மட்டும் ஒவ்வொரு வாரமும் காலியாகிக்கொண்டே வந்தது. ஒவ்வொரு பங்களாவாகப் பெட்டி கட்டிக்கொண்டு கப்பலேறிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"போறவன் போவட்டும். அவன் துணி போச்சுன்னா நம்ம ஆளுங்க துணி இல்லியா? சுதந்திரம் வந்தா எல்லாரும் வெள்ளச் சட்ட போடுவாங்க" என்றார் அண்ணன்.

"போடுவாங்க. அவனவன் வீட்லயே தொவச்சுப் போட்டுக்குவான்" என்றாள் அக்கா.

இரண்டு பேர் சொன்னதிலும் உண்மை இருந்தது. அதனால்தான் கடைத்தெருவில் ஓர் இடம் எடுத்தார்கள். முன்பு தையல்கடை இருந்த கடைவீடு. அஞ்சடி நடைபாதையைப் பார்த்தபடி பெரிய கண்ணாடி ஒன்று பதித்திருந்தது. கையில் இருந்தது, அக்காவின் காதில் இருந்தது எல்லாவற்றையும் அந்த இடத்தில் போட்டாகிவிட்டது. இது ஓடவில்லை என்றால் மறுபடி தோட்டத்துக்குத்தான் போக வேண்டும். தோட்டத்தில் அவர்களுக்காக யாரும் வீட்டைப் பூட்டி வைத்துக்கொண்டு காத்திருக்கவில்லை. அக்கா இதை ஒருமுறைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் கடையைக் கூட்டும்போது அவள் ஒவ்வொரு மூலையிலும் இரண்டு தடவை கூட்டுவாள். அதைப் பார்த்தால் போதும்.

நான் வரைவேன் என்பது அந்த வரிசை முழுக்கத் தெரியும். என் அப்பா கோயில்களுக்குச் சுதைப் பொம்மை செய்தவர். அவர் செய்யும் குதிரைக்கும் காளைக்கும் சாயம் அடிப்பது கல்யாணத்துக்கு முன்பு என் வேலையாக இருந்தது. அண்ணன் ஒருநாள் வந்து, "தங்கச்சி, கண்ணாடியில ஒரு படம் போட்டுக் குடு. சீனனுக்கும் புரியணும், மலாய்க்காரனுக்கும் புரியணும், நம்மாளுக்கும் புரியணும். எழுத்தே வேணாம்" என்றார்.

என்ன படம் என்பதில்தான் வீடு இரண்டுபட்டது. அண்ணன் யானை கேட்டார். காஜா பேராங் என்றாலே மலாயில் வெறிகொண்ட யானைதானே, ஊர்ப் பெயரும் ஆச்சு என்றார்.

"வெறி புடிச்ச யானைகிட்ட எவன் துணி குடுப்பான்? மிதிச்சுக் கிழிச்சிப்புடும்" என்றாள் அக்கா.

பிறகு அன்னப்பறவை. அன்னம் வரைந்து காட்டினேன். வாத்து மாதிரி இருக்கிறது என்றார்கள். அது அன்னம்தான், நீங்கள்தான் வாத்து என்று சொல்லிவிட்டுத் தாளைக் கிழித்துப் போட்டேன். இரண்டு நாள் யாரும் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் பேச்சில் அண்ணன்தான் தெனோக்கைக் கொண்டுவந்தார். தோட்டத்தில் இருந்தபோது ஒரு தெனோக் ஆற்றங்கரைக்கு வருமாம். இவர் துணி அலசிக்கொண்டிருக்கும் இடத்திலேயே வந்து நின்று தண்ணீர் குடிக்குமாம். "பாதி வெளுத்து வுட்டுட்டாங்க, மீதிய நீ வெளுத்துடுன்னு கேக்கற மாதிரியே நிக்கும் தங்கச்சி" என்றார்.

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "நல்லா இருக்கு! பாதி வெளுத்த மிருகத்தக் கடையில எழுதி வச்சா, இவங்க பாதிதான் வெளுப்பாங்கன்னு ஊரே சொல்லும்."

ஆனால் எனக்குள் அது பிடித்துக்கொண்டது. அன்று மாலையே கரித்துண்டால் பழைய செய்தித்தாளில் போட்டுப் பார்த்தேன். ஒரு தகரத் தொட்டி. அதற்குள் தெனோக் நிற்கிறது. கால்கள் சோப்பு நுரைக்குள் மறைந்திருக்கின்றன. முன்காலை மட்டும் தூக்கி, அதில் ஒரு சோப்புக்கட்டியைப் பிடித்திருக்கிறது. பின்பக்கம் தேய்த்து முடித்து வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டது. முன்பக்கம்தான் பாக்கி. தலையைத் திருப்பித் தன் வெள்ளை முதுகைத் தானே பார்த்துப் பெருமைப்படுகிறது. மிருகத்துக்கு மனுஷ முகபாவம் வைப்பது லேசில்லை. வாயை இழுத்தால் இளிக்கும், புருவம் வைத்தால் அழும். இந்தத் தெனோக்குக்கு எல்லாம் கண்ணில்தான் இருந்தது. ஓரக்கண்ணால் பின்னால் பார்க்கும் ஒற்றைக் கண். அந்தக் கண்ணை வைத்ததும் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அக்காவிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாள். "திமிரு புடிச்ச கழுத" என்றாள். சம்மதம் என்று அர்த்தம்.

கண்ணாடியில் படம் போடுவது தாளில் போடுவது மாதிரி இல்லை. மழையும் கையும் படாமல் இருக்கக் கடைக்குள்ளிருந்து, கண்ணாடியின் பின்பக்கத்தில் சாயம் பூச வேண்டும். பார்க்கிறவர் தெருவில் நிற்பார். நாம் முதலில் வைக்கிற சாயம்தான் அவர் கண்ணுக்கு மேலே தெரியும். பிறகு வைப்பதெல்லாம் அதன் பின்னால் ஒளிந்துகொள்ளும். ஆக, தாளில் கடைசியாகச் செய்கிற நுணுக்க வேலையை எல்லாம் கண்ணாடியில் முதலில் செய்ய வேண்டும். காது நுனியின் வெள்ளை, நுரைக் குமிழியின் மினுக்கு, தொட்டியின் வளையம் இவையெல்லாம் முதலில். அது காய்ந்த பிறகு நிழல். அதற்கும் பிறகுதான் உடம்பின் பெரிய நிறம்.

கரி ஓவியத்தைப் பெரிதாக்கி, அண்ணனின் கஞ்சியாலேயே கண்ணாடியின் வெளிப்பக்கம் ஒட்டினோம். உள்ளேயிருந்து பார்த்தால் கோடுகள் தெரியும், அதன் மேலேயே எனாமல் சாயத்தை வைத்துக்கொண்டு போகலாம். தாளுக்கு மேல், தெருவில் போகிறவர் பார்வை படக்கூடாது என்று அக்கா ஒரு படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டாள். திறப்பு நாள்வரை யாரும் அதைத் தூக்கக்கூடாது. நான்கூடத்தான். "கண்ணு பட்டுடும்" என்றாள்.

"என் கண்ணுமா?"

"ஒன் கண்ணுதான் மொதல்ல."

வேலை நன்றாகப் போனது. வெள்ளை நிறம் மட்டும் எவ்வளவு பூசினாலும் பழைய பல் மாதிரி மஞ்சளடித்தது. அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, துணிக்குப் போடும் நீலப்பொடியில் ஒரு சிட்டிகை கொண்டுவந்தார். டர்பெண்டைனில் குழைத்து வெள்ளையோடு கலந்தேன். அப்படியே பளிச்சென்று எழுந்தது பாருங்கள், எனக்கு அந்தப் பின்பக்கத்தை விட்டு வரவே மனசில்லை. மறுநாளும் போய் அதற்கே இன்னொரு பூச்சுப் பூசினேன். வீட்டில் சோறு குழைந்துபோனது. வீட்டுக்காரர் அதைச் சாப்பிட்டுவிட்டு, "தெனோக்கு சாப்ட்டுச்சா?" என்று மட்டும் கேட்டார்.

கண் வைக்கப் போன அன்றுதான் அக்கா என் கையைப் பிடித்தாள். "கண்ண இப்ப வைக்காத. நல்ல நேரம் பாத்துத் தொறக்கணும். கட தொறக்கிற அன்னிக்கி சூடம் காட்டித் தொறப்போம்."

இது சாமியா அக்கா, சோப்புக்கட்டி பிடித்த தெனோக் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏனென்றால் எனக்கு அதில் ஒரு விகற்பமும் தெரியவில்லை. அப்பாவின் பட்டறையில் எந்த உருவத்துக்கும் கண்தான் கடைசி. குதிரை என்றாலும் பூதம் என்றாலும், எல்லாச் சாயமும் முடிந்து, குளித்துவிட்டு வந்துதான் அவர் கண் திறப்பார். அதையே பார்த்து வளர்ந்த கைக்கு, கண்ணைக் கடைசிக்கு ஒதுக்கி வைப்பது இயல்பாக இருந்தது. சரி அக்கா என்று சொல்லிவிட்டு, கறுப்புச் சாயத்தை எடுத்துத் தலை, தோள், மூக்கு எல்லாவற்றுக்கும் நிறையப் பூசி முடித்தேன். கண் இருக்க வேண்டிய இடத்துக்கும் சேர்த்துத்தான். இரண்டு பூச்சு.

திறப்பு நாள் காலையில் அஞ்சடியில் நல்ல கூட்டம். பாசார் சந்தைக்குப் போகிறவர்கள், வருகிறவர்கள், பக்கத்துக் கடைக்காரர்கள், சும்மா நிற்கிறவர்கள். விரிப்புக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று ஊரில் ஒரு வாரமாகப் பேச்சு. கடைக்குள் அண்ணன் தேங்காய் உடைத்தார். அக்கா சூடம் ஏற்றினாள். நான் குளித்துத் தலை முடிந்து, புதுச்சேலை கட்டிக்கொண்டு, கறுப்பின் மேல் வெள்ளையால் கண்ணை வைத்தேன். அதற்குள் மணியை வைத்தேன். ஓரமாகப் பின்னால் பார்க்கும் அதே பார்வை. உள்ளே நின்றவர்கள் எல்லாரும் "ஆகா" என்றார்கள். அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அண்ணன் வெளியே ஓடிப்போய் விரிப்பையும் தாளையும் ஒன்றாக உரித்து இழுத்தார்.



வெளியேயிருந்து என் வீட்டுக்காரரின் குரல் மட்டும் கேட்டது. "ஏம்மா, கண்ணு எங்க?"

"என்னங்க கேக்கறீங்க? இங்கதான் இருக்கு!" என்று கத்தினேன்.

"இங்க இல்லியே."

கோபமாக வெளியே வந்து பார்த்தேன். அப்போதுதான் உறைத்தது. நான் வைத்த கண் கறுப்புக்குப் பின்னால், கடைக்குள் பத்திரமாக இருந்தது. தெருவில் நின்றவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் கண்ணில்லாத ஒரு கறுப்புத் தலை. பெருமை போய்விட்டது, குறும்பு போய்விட்டது. தொட்டிக்குள் ஏதோ ஒரு மூட்டை நிற்கிறது. நல்ல நேரத்தில் கண் திறந்த கடைக்குக் கண்ணே இல்லை. கூட்டத்தில் ஒரு கிழவர் "மொத நாளே குருடா" என்று முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. திரும்பி அவரை ஒரு பார்வை பார்த்தேன். அவர் நகர்ந்துகொண்டார். ஆனால் கூடவே நாலைந்து பேரும் நகர்ந்தார்கள்.

அக்கா வாசலில் நின்று படத்தைப் பார்த்தாள். என்னைத் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவள் திட்டவில்லை. "நாந்தான நேரம் பாக்கச் சொன்னேன்" என்றாள். அப்புறம் கலைந்து போகிறவர்களைப் பார்த்தாள். அவள் முகத்தில் அப்போது கடையெல்லாம் இல்லை, தோட்டத்துப் பாதைதான் இருந்தது. எனக்கு அழுகை வந்தது. அழுகை வந்தால் எனக்குக் கோபம் வரும், கோபம் வந்தால் கை வேலை செய்யும்.

அண்ணன் முகம் மழிக்கும் பிளேடை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். என் அழகான கண்ணைச் சுரண்டி எறிந்தேன். அதற்கடுத்த கறுப்பையும் சுரண்டினேன். இரண்டு பூச்சு எனாமல் லேசில் வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, கண் வடிவத்துக்கு ஓரம் பிசிறாமல் சுரண்டி எடுத்தேன். இப்போது கண் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கண்ணாடி. முதலில் மணி, பிறகு வெள்ளை என்று முறையாக வைக்க வேண்டும். பிரஷ் காய்ந்து கட்டியாகிவிட்டிருந்தது. "அக்கா, யாரையும் போகவுடாதே, இதோ" என்று சொல்லிவிட்டு டர்பெண்டைனைத் தேடிப் பின்கட்டுக்கு ஓடினேன்.

அந்த நேரத்தில் அக்கா என்ன செய்தாள் என்றால், வாசலுக்குப் போகக் கூச்சப்பட்டுக்கொண்டு, உள்ளேயே நின்று அந்தச் சுரண்டிய இடத்தில் தன் கண்ணை வைத்துத் தெருவைப் பார்த்தாள். இன்னும் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளத்தான்.

வெளியே பார்த்தவர்களுக்குத் தெனோக் கண் திறந்துவிட்டது.

என் வீட்டுக்காரர் இதை இன்றுவரை நடித்துக் காட்டுவார். கறுப்புத் தலையில் திடீரென்று ஓர் உயிருள்ள கண். அது இடப்பக்கம் பார்த்தது. வலப்பக்கம் பார்த்தது. போகிறவர்களைப் பின்னாலேயே துரத்திப் பார்த்தது. கொட்டாமல் முறைத்தது, பிறகு படபடவென்று கொட்டியது. போய்க்கொண்டிருந்த ஓர் அம்மாள் அப்படியே நின்றுவிட்டாள். செட்டிகள் குடியிருக்கும் கிராமமான செட்டிக் கம்பத்து அம்மாள். அவர்களும் நம்மைப் போல விபூதி பூசுகிறவர்கள், கோயிலுக்குப் போகிறவர்கள். ஆனால் வீட்டில் பேசுவது மலாய், உடுத்துவது கெபாயாச் சட்டையும் சாரோங் கைலியும். இந்த அம்மாள் கையிடுக்கில் ஒரு துணிமூட்டை வைத்திருந்தாள். பண்டார் ஹிலிர் பக்கம் இருக்கும் வேறொரு டோபியிடம் போய்க்கொண்டிருந்தவள்.

"அலாமாக்! மாத்தா டியா ஹிடுப்லா!" என்று கத்தினாள். ஐயோ, அதன் கண்ணுக்கு உயிர் இருக்கிறதாம்.

கூட்டம் திரும்பியது. ஒருவர் கையைக் காட்ட, ஒருவர் கண்ணாடியைத் தட்ட, அஞ்சடி முழுக்க ஒரே சிரிப்பு. நான் டர்பெண்டைன் டப்பாவோடு முன்னால் வரும்போது கேட்டது அந்தச் சிரிப்புத்தான். அக்காவுக்கும் அதுதான் கேட்டது. தன் கண்தான் வெளியே தெரிகிறது என்பது அவளுக்குத் தெரியாது. குருட்டுத் தெனோக்கைப் பார்த்துத்தான் ஊர் சிரிக்கிறது என்று நினைத்துவிட்டாள். கண்ணாடியை விட்டு நகரவும் தோன்றவில்லை. அப்படியே நின்று அழுதாள்.

வெளியே சிரிப்பு மெல்ல அடங்கிப்போனது. தெனோக்கின் கண்ணில் தண்ணீர் நிரம்பி வழிவதை எல்லாரும் பார்த்தார்கள்.

செட்டிக் கம்பத்து அம்மாள் உள்ளே வந்தாள். கண்ணாடியில் முகத்தை வைத்துக்கொண்டு நின்ற அக்காவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள், என் கையில் இருந்த பிளேடைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. மூட்டையை மேசைமேல் வைத்துப் பிரித்தாள். மெர்டேக்கா நாளுக்கு உடுத்த வைத்திருக்கும் வெள்ளைக் கெபாயாக்கள், வீட்டு ஆண்களின் சட்டைகள். தெனோக்கின் பின்பக்கத்தைக் கையால் காட்டி, முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு கேட்டாள்: "பொலே பூத்தே மாச்சாம் இத்து?" அது மாதிரி வெள்ளையாகுமா?

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "பொலே, பொலே" என்றாள், ஆகும் ஆகும் என்று. அப்புறம் தமிழில், "அத வுட வெள்ளையா" என்றாள். அந்த அம்மாளுக்கு அதுவும் புரிந்தது. இரண்டு பேரும் சிரித்தார்கள். அவளுக்குப் பின்னால் வாசலில் இன்னும் இரண்டு பேர் நின்றார்கள்.

நான் பிரஷைக் கழுவி எடுத்துக்கொண்டு மணி வைக்கப் போனேன். அக்கா தடுத்தாள். "வேணாம் தங்கச்சி. அப்படியே இருக்கட்டும். யாரு வர்றாங்கன்னு நான் அதுல பாத்துக்குவேன்." இவ்வளவு கஷ்டப்பட்டு ஒரு படம் போட்டு, அதில் முக்கியமான இடத்தை ஓட்டையாக விடச் சொன்னால் எந்த ஓவியருக்குத்தான் கோபம் வராது? எனக்கும் வந்தது. ஆனால் அவள் கேட்ட விதத்தில் பிரஷைக் கீழே வைத்துவிட்டேன்.

முதல் சில நாட்கள் நான் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் தெனோக் என்னை முறைத்துப் பார்க்கும். நானும் பழிப்புக் காட்டிவிட்டுப் போவேன். உள்ளேயிருந்து அக்கா சிரிப்பது கேட்கும். மெர்டேக்கா நெருங்கிய வாரம், ஒருநாள் கண்ணாடிமுன் நின்றேன். கண்ணைக் காணவில்லை. குனிந்து அந்த இடத்தில் பார்த்தேன். உள்ளே வெள்ளைச் சட்டைகள் வரிசை வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. கரி இஸ்திரிப்பெட்டியின் புகை. விரலால் கண்ணாடியைத் தட்டினேன். அப்போதும் கண் வரவில்லை. மறுபடி பலமாகத் தட்டினேன்.

"யாரது சும்மா சும்மா தட்டுறது? வேல தலைக்கு மேல கெடக்கு, எட்டிப் பாக்க நேரமில்ல! துணி இருந்தா உள்ள வந்து குடு, இல்லன்னா போ!" என்று உள்ளேயிருந்து அக்கா கத்தினாள்.

வாழ்க்கையில் என்னை யார் திட்டினாலும் திருப்பித் திட்டாமல் விட்டதில்லை. அன்றைக்கு மட்டும் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன்.